தாமதத்துக்கான காரணம்

இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடம் என்கிற வரைக்கும் பேனா தங்குதடையில்லாமல் ஓடியது. அதற்கடுத்த வரிக்கு வந்ததும் ஏட்டம்மா பேச்சியம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "விபத்து நடந்து நாப்பத்தேழு நாளு ஆச்சே அண்ணாச்சி, இத்தன நாளும் என்ன செஞ்சீக?" என்றாள். அதட்டல் இல்லை, பந்தி முடிந்தபிறகு வந்து நிற்கிறவரைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். பரமகுரு வாயைத் திறந்தார். திறந்த வாயில் வார்த்தை வந்து சேருவதற்குள் உள்ளறையில் இன்ஸ்பெக்டர் மணியடித்துவிட்டார். "தாமதத்துக்குக் காரணம் போடாம எஃப்.ஐ.ஆர். பதிய முடியாது. கோர்ட்டுல மொதக் கேள்வியே அதாம். அந்த பெஞ்சில உக்காந்து ரோசிச்சு வைங்க, வந்திருதேன்" என்று தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு போனாள்.

ரோசிச்சு வைக்க வேண்டியதுதான். ரோசிப்பதற்கென்ன, நாற்பத்தேழு நாளாக அவர் வேறு என்ன செய்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார், அது வழுக்கிக்கொண்டு வந்தது, மறுபடி சாய்த்தார், இந்த முறை நின்றது. இடது காலை நீட்டிப் பெஞ்சின்மேல் வைத்தால் மரியாதையில்லையோ என்று கீழேயே தொங்கவிட்டார், முழங்காலுக்குக் கீழே தகடு வைத்த இடத்தில் ஒரு எறும்பு உள்ளேயே நடந்து போகிறமாதிரி இருந்தது. மஞ்சப்பையை மடியில் ஏற்றி அணைத்துக்கொண்டார். பைக்குள் தூக்குவாளி லேசாகக் குலுங்கியது. மணி பத்தே முக்கால்கூட ஆகவில்லை, அதற்குள் ஆடிக்காற்று கிளம்பிவிட்டது. கோவில்பட்டிக் காற்றுக்கு நேரம் காலம் கிடையாது, கரிசல் தூசியை வாரிக்கொண்டு வந்து ஸ்டேஷன் வாசலில் கொட்டிவிட்டு, விட்டேனா பார் என்று திரும்பிப் போய் இன்னொரு வாரு வாரிவந்தது. வேப்பமரத்தடியில் பிடித்துப்போட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. மூக்கு நசுங்கிய வெள்ளைக் கார் ஒன்று. பரமகுரு எட்டிப் பார்த்தார். இல்லை, அது இல்லை, அவரை இடித்த கார் சாம்பல் நிறம், பின்கண்ணாடியில் மாதா படம் ஒட்டியிருக்கும். இது வெறும் கார். எடை என்ன இருக்கும், எட்டேகால் குவிண்டால் இருக்கும் என்று கண் தன்பாட்டுக்குச் சொல்லியது. பஞ்சுப்பேட்டை எடைமேடையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த கண், எதைப் பார்த்தாலும் எடை போடும். லாரி ஏறும், டிரைவர் இறங்குவான், சீட்டு வாங்குவான், போவான். ஒரு ஆள் ரெண்டு நிமிஷம். ரெண்டு நிமிஷத்தில் என்ன பேசிவிட முடியும். "அண்ணாச்சி சீட்டு", "இந்தா", அவ்வளவுதான் பேச்சு. இருபத்தாறு வருஷப் பேச்சையும் சேர்த்து மேடையில் ஏற்றினால் முள் அசையுமா என்பது சந்தேகம்.

மேசைமேல் ஏட்டம்மா எழுதிய தாள் கல்லுக்கடியில் படபடத்தது. எட்டிப் பார்த்தால் எழுத்து தெரிந்தது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. அவர் அப்படிச் சொல்லவில்லை. கார் வந்து இடிச்சிருச்சும்மா என்றுதான் சொன்னார், மற்றதை அவள் கை தானாக எழுதிக்கொண்டது. அதிவேகம். நடந்தது என்னவென்று அவருக்கல்லவா தெரியும். ஆனி மாசம் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரை, எதிர்த்தாப்போல டீக்கடைக்குப் போகிறார். பாதி ரோட்டில் வலது செருப்பின் வார் பிடுங்கிக்கொண்டது. காலை உதறினார், செருப்பு பின்னால் தங்கிவிட்டது. அப்படியே போயிருக்கலாம், அக்கரை போய்ச் சேர்ந்துவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கலாம். ஒத்தைச் செருப்போடு டீக்கடையில் போய் நின்றால் சிரிப்பார்களே என்று திரும்பினார். குனிந்தார். ஹாரன் கேட்டது, கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கார் வந்த வேகத்துக்கு ஒரு கோழிகூட விலகிப் போயிருக்கும். புதிதாக ஓட்டப் பழகின கை, பிரேக்குக்கு அலைபாய்ந்த கால். ஆக, அதிவேகமும் இல்லை, அஜாக்கிரதை என்றால் அது செருப்புக்குக் குனிந்தவருடையது. இதையெல்லாம் ஏட்டம்மாவிடம் சொன்னால் பிறகு எதற்கு வந்தீர் என்பாள். எதற்கு வந்தோம்? அதை விடு. காரிலிருந்து இறங்கிய ஆளுக்கு நாற்பத்திரண்டு நாற்பத்துமூன்று வயது இருக்கும், "ஐயோ மாதாவே, ஐயோ மாதாவே" என்று சுற்றிச் சுற்றி வந்தார், அடிபட்டது யாருக்கு என்று பார்க்கிறவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். தூக்கிப் பின்சீட்டில் போட்டார். சீட்டில் பேப்பர் சுற்றிய போட்டோ ஃபிரேம்கள் இருந்தன, உடையுமே தம்பி என்று பரமகுரு சொன்னார், கால் எலும்பு ரெண்டாகக் கிடக்கிறது, கண்ணாடி உடையுமே என்கிறார். "உடைஞ்சாப் போகுது அண்ணாச்சி, இந்தா வந்தாச்சு, இந்தா வந்தாச்சு" என்று அந்த ஆள் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைப் பின்னால் நீட்டி அவர் தலையைத் தொட்டார். ஒவ்வொரு குழிக்கும் தொட்டார். வலியில் கண் இருட்டுகிற அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது, நம் தலையைக் கடைசியாகத் தொட்டது யார். முடிவெட்டுகிறவரைத் தவிர.

பேர் இருதயராஜ். ஃபிரேம் கடை வைத்திருக்கிறார். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவார். இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டபோது அந்த ஆள் சுவரோரம் நின்றார், ரெண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தது, ஒரு கையை இன்னொரு கை பிடித்து நிறுத்தப் பார்த்து அதுவும் சேர்ந்து நடுங்கியது. "படில வழுக்கிட்டேன் டாக்டர்" என்றார் பரமகுரு. ஏன் சொன்னார்? அந்த இடம் வரும்போதெல்லாம் புத்தி நொண்டும். நல்ல மனசால் சொன்னோம் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தார். அதற்கடுத்த நாள் காலை ஏழரைக்கு வாசலில் தூக்குவாளியோடு அந்த ஆள் நின்றதைப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒன்று துள்ளியது பாருங்கள், அந்தத் துள்ளலைத்தான் இப்போது எடைபோட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு நாள் தவறவில்லை. இட்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால் கஞ்சி. வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, பூசை முடித்த கையோடு கோழிக்குழம்பு வந்தது. "எங்க வீட்டு அமலோற்பவம் கைப்பக்குவம் அண்ணாச்சி, எலும்பு சீக்கிரம் கூடும்." பரமகுரு பிறந்ததிலிருந்து கவுச்சி தொடாத சைவக் குடும்பம். சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஆள் முகம் சுருங்கிப்போகும், அடுத்த ஞாயிறு வராமல் இருந்துவிட்டால்? தின்றார். தொண்டையில் இறங்க மறுத்ததைத் தண்ணீர் விட்டு இறக்கினார். "எப்படி?" என்று கேட்டார் இருதயராஜ். "சோக்கா இருக்கு தம்பி" என்றார். நாலு ஞாயிறு தின்றார். ஐந்தாவது ஞாயிறு வரவில்லை, நாக்கு அதற்காகக் காத்திருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இருதயராஜ் எதிரில் உட்கார்ந்து பேசுவார். எட்டாவது படிக்கிற மகள் ஜெசிந்தா கணக்கில் வாங்கின முட்டை, சட்டம் போட வந்த கிழவர் தன் போட்டோவுக்கே "இப்பமே ஒரு மாலையும் மாட்டி வச்சிருங்க, பிறகு பயலுவ போடுவானுகளோ என்னமோ" என்று சொன்னது. பரமகுரு சிரித்துச் சிரித்துக் கால் வலிக்கும். ராசா வீட்டுக் கதையில் சொல்லுவார்களே, கிளி வந்து பேசிவிட்டுப் போனால் அன்றைக்குப் பொழுது விடியும், வராவிட்டால் இருட்டுத்தான் என்று, அப்படி ஆகிப்போயிற்று. ஏழே கால் ஆனால் காது தெருமுனைக்குப் போய்விடும். அந்தக் காரின் இரண்டாவது கியர் இருமும். தெருவில் ஆயிரம் வண்டி போகட்டும், அந்த இருமல் தனியாகக் கேட்கும்.

கேஸ் கொடு கேஸ் கொடு என்று பம்பாயிலிருந்து தங்கச்சி செண்பகம் ஃபோனில் கத்திக்கொண்டுதான் இருந்தாள். அதைச் சும்மா பேச்சுவாக்கில் இருதயராஜிடம் ஒருநாள் சொன்னார். சும்மாவா? அடுத்த நாள் இட்லியோடு வடையும் வந்தது. நாலைந்து நாள் கழித்து மறுபடி சொன்னார், "தங்கச்சி விடமாட்டேங்கா தம்பி, ஸ்டேஷனுக்குப் போ ஸ்டேஷனுக்குப் போங்கா." அந்த ஆளின் கழுத்தில் எச்சில் இறங்கியது தெரிந்தது. அன்றைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார். கடைக்கு நேரமாகிவிட்டது என்று ரெண்டு தடவை ஃபோன் வந்தும் எழுந்திருக்கவில்லை. பரமகுரு அதைக் கண்டுகொண்டார், கண்டுகொள்ளாததுபோலவும் இருந்தார். ரெண்டும் ஒரே மனசுக்குள்தான் நடந்தது. அப்படியே விட்டிருக்க வேண்டும். தும்பு கையில் இருந்தது, மாடும் நின்றது. எந்தக் கிறுக்கன் தும்பை விடுவான்? முப்பத்தோராவது நாள் சாயங்காலம், அன்றைக்குக் காலையில் வந்தது போதாதென்று சாயங்காலமும் வந்திருந்தார், மொச்சைச் சுண்டல். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பரமகுருவுக்கு அந்த ஆசை வந்தது. எடைமேடைக்காரனுக்கு வருகிற ஆசை. ஏத்து எடை மட்டும் தெரிந்து என்ன பிரயோசனம், வெறும் வண்டியையும் ஒருதரம் ஏற்றி இறக்கினால்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். பயத்தை இறக்கிவிட்டுப் பார்த்தால் என்ன. பயம் போக மிச்சம் என்று ஒன்று இருக்கும் அல்லவா, அதுதானே நம்முடையது. "தம்பி, கேஸு கீஸுன்னு நான் ஒன்னும் குடுக்கப் போறதில்ல. ஆஸ்பத்திரியிலயும் வழுக்கினதுன்னுதான் இருக்கு. நீங்க நிம்மதியா இருங்க" என்றார். இருதயராஜ் கிட்டே வந்து அவருடைய ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை நனைந்தது. "நீங்க மனுசனே இல்ல அண்ணாச்சி, தெய்வம்." போனார். சந்தோஷத்தில் தூக்குவாளியை மறந்து போனார். தெருமுனையில் கார் இருமியது. அதுதான் கடைசி இருமல்.

தெய்வத்தை யார் தினமும் வந்து பார்க்கிறார்கள். நேர்ந்துகொண்டது நடந்துவிட்டால் ஒரு தேங்காய், அவ்வளவோடு சரி. மறுநாள் காலை ஏழே கால், ஏழரை, எட்டு. வேலை இருக்கும். அதற்கு மறுநாள் ஃபோன் போட்டார், "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி, பிள்ளைக்கு ஸ்கூல்ல மீட்டிங்கு" என்று குரல் வந்தது, நல்ல குரல்தான், கனமில்லாத குரல். மூட்டை இறக்கிய லாரி அப்படித்தான் போகும், கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு லேசாக. அதற்குப் பிறகு மணி மட்டும் அடித்தது. தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதன் தோளில் பேர் வெட்டியிருந்தது, 'இ. அமலோற்பவம் 14.5.2009', கல்யாணப் பாத்திரமாக இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது, நாலு வெல்லக்கட்டியாவது போட்டுக் கொடுக்க வேண்டும். முறை தெரியாதவரா. பக்கத்துக் கடையில் சொல்லிக் கடலைமிட்டாய் வாங்கிப் போட்டு மூடிவைத்தார். அவர் வந்தால் கொடுக்கலாம். வரவில்லை. ஏழெட்டு நாளில் மிட்டாய் நமத்தது, கொட்டிவிட்டுப் புதுசு போட்டார். இன்றோடு பதினாறு நாள். செத்தவருக்குக்கூடப் பதினாறோடு காரியம் முடிந்துவிடும். இன்று காலை எழுந்ததும் சட்டையை மாட்டி, ஆட்டோ பிடித்து, ஸ்டேஷன் என்று சொன்னார். ஃபிரேம் கடை என்று சொல்லியிருக்கலாம். டிரைவர்மார்களைக் கேட்டால் எந்தக் கடை என்று காட்டிவிடுவார்கள். கடை வாசலில் இறங்கி, ஊன்றுகோலோடு நின்று, "தம்பி, பாத்திரம்" என்று நீட்டினால் அந்த ஆள் முகம் எப்படி ஆகும்? அந்த முகத்தைத்தான் பார்க்க தைரியமில்லை. சும்மா வந்தவரைப் பார்க்கிற முகம். ஸ்டேஷன் கூப்பிட்டால் அப்படி இருக்காது. பழைய முகத்தோடு வருவார். கழுத்தில் எச்சில் இறங்கும்.

"என்ன அண்ணாச்சி, காரணம் கெடச்சுதா?" ஏட்டம்மா வந்து உட்கார்ந்தாள். மின்விசிறியை ஒரு நிலை கூட்டினாள், தாள் இன்னும் துடித்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டியவள் புருவத்தைத் தூக்கினாள். "இதுல வழுக்கி விழுந்ததுன்னுல்லா போட்டிருக்கு?" "அது நாஞ் சொன்னதும்மா. பாவமேன்னு சொன்னேன்." "இப்பம் பாவம் போயிருச்சாக்கும்?" பரமகுரு மஞ்சப்பையின் வாயை முறுக்கினார். "சரி, எதிரி விலாசம் சொல்லுங்க." எதிரி என்ற சொல் காதில் ஈ மாதிரி உட்கார்ந்தது. யார் எதிரி? "பேரு இருதயராஜ். ஃபிரேம் கடை. வீட்டு விலாசம் தெரியாது." "வண்டி நம்பராவது?" தெரியாது. இருமல் தெரியும், அதை எழுத முடியாது. பையிலிருந்து தூக்குவாளியை எடுத்து மேசைமேல் வைத்தார். "அவுக வீட்டுப் பாத்திரம். பேரு வெட்டியிருக்கு." ஏட்டம்மா திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதிக்கொண்டாள், பிறகு மூடியைத் திறந்தாள். திறந்தவள் அவரைப் பார்த்தாள், மிட்டாயைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். "நீங்க என்ன, புகார் குடுக்க வந்தீகளா, சீர் குடுக்க வந்தீகளா?" "வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதுல்லம்மா." ஏட்டம்மா சிரிக்கப் போனாள், சிரிப்பு பாதியில் நின்றது. பேனாவை மூடி வைத்தாள். "தினமும் சோறு கொண்டாந்தாரோ?" "முப்பத்தோரு நாளு." "பிறகு நிறுத்திட்டாராக்கும்."

"நாஞ் சொல்லுததக் கேளுங்க" என்று ஏட்டம்மா குரலைத் தணித்தாள். "கேஸெல்லாம் வேண்டாம். ஃபிரேம் கடைன்னா கண்டுபிடிச்சிரலாம், இப்பமே ஃபோனப் போட்டு வரச் சொல்லுதேன். அரை மணி நேரத்துல வந்து நிப்பாரு. வைத்தியத்தப் பாத்துக்கிடுதேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுப்பாரு, நீங்களும் கையெழுத்துப் போடுங்க. அத்தோட முடிஞ்சுது." பரமகுரு வாசலைப் பார்த்தார். அரை மணி நேரத்தில். இதே வாசலில். "முடிஞ்சுதுன்னா?" "முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது. அவுக வழி அவுகளுக்கு, உங்க வழி உங்களுக்கு." காற்று வந்து வேப்பமரத்தை ஒரு உலுக்கு உலுக்கியது. "கேஸுன்னா?" என்று கேட்டார். "கேஸுன்னா அலைச்சல்தான். வக்கீல் வச்சிட்டாருன்னா உங்க தெருப்பக்கமே வரமாட்டாரு, பாத்துக்கிடுங்க." "கோர்ட்டுக்கு?" "கோர்ட்டுக்கு வராம? ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கூண்டுல நின்னுதான ஆகணும்." "நானும் வரணுமோ?" "நீங்க சாட்சி. சம்மன் வந்தா வந்தாப் போதும். வேணும்னா எல்லா வாய்தாவுக்கும் வந்து உக்காந்திருக்கலாம், யாரு வேண்டாங்கா." பரமகுரு தூக்குவாளியின் கைப்பிடியை நிமிர்த்தினார், சாய்த்தார், நிமிர்த்தினார். "எத்தன வாய்தா இருக்கும்மா?" "அதுக்கென்ன கணக்கு. மூணு வருசம் நாலு வருசம் இழுக்கும்." மூணு வருசம், நாலு வருசம். கோர்ட்டு வராந்தாவில் நீளப் பெஞ்சு கிடக்கும். பெஞ்சில் எதிரிக்கென்று தனி இடமா போட்டிருப்பார்கள், பக்கத்தில்தான் உட்கார வேண்டும். பேர் கூப்பிடுகிற வரைக்கும் மத்தியானம் ஆகிவிடும், அதுவரை ஒரு மனுசன் பேசாமல் எப்படி இருக்க முடியும். ஜெசிந்தா ஒன்பதாவது போயிருப்பாள், பத்தாவது போவாள். ஜெசிந்தா. ஃபிரேம் கடை வாசலில் போலீஸ்காரர் போய் நிற்கிறார், உள்ளிருந்து ரெட்டைச்சடைப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது, அப்பா கையை அப்பாவின் இன்னொரு கை பிடித்துக்கொள்கிறது. சுவர் நிறைய மாலை போட்ட முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிள்ளையைப் பரமகுரு ஒருநாளும் கண்டதில்லை, ஆனாலும் சடையில் கட்டிய ரிப்பன்வரைக்கும் தெரிந்தது. எழுந்து போய்விடு என்றது மனசு. கால்தான் எழவில்லை.

"கேஸே போட்டுருங்கம்மா" என்றார்.

ஏட்டம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பேனாவைத் திறந்தாள். "காரணம் சொல்லமாட்டேங்கீக, நானே போட்டுக்கிடுதேன்" என்று எழுதி, எழுதியதை வாசித்தாள். "விபத்தில் காயமடைந்து சிகிச்சையில் இருந்ததாலும், உடன் இருந்து உதவ யாரும் இல்லாத காரணத்தாலும், இன்று நேரில் வந்து இந்தப் புகாரைக் கொடுக்கிறேன். சரிதான?" தப்பு என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. யாரும் இல்லாததால் இல்லையம்மா, ஒருத்தர் இருந்தார், இருந்ததால்தான். "சரிதான்" என்றார். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற வரியின்மேல் கண்ணை ஓட்டாமல், தாளின் அடியில் ஏட்டம்மா விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். எடைச்சீட்டில் போட்டுப் பழகின கையெழுத்து, ஒரு இழுப்பில் விழுந்தது.

"சாப்பிடாம வந்திருப்பீக" என்று ஏட்டம்மா தூக்குவாளியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துத் தான் கடித்துக்கொண்டு இன்னொன்றை அவரிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அது நம்முடையது இல்லையே. மூடியை அழுத்தி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊன்றுகோலைத் தேடினார். "மொத வாய்தா எப்பம்மா இருக்கும்?" "சார்ஜ்ஷீட் போட்டு, நம்பராகி, சம்மன் போயி... தை மாசம் வச்சுக்கிடுங்க." தைக்குள் கால் கூடிவிடும். அறுந்ததற்குப் பதிலாக இருதயராஜ் வாங்கிக்கொடுத்த செருப்பு, இடது கால் செருப்பு இன்னும் தரையில் படாமல் புதுசாகவே வீட்டில் கிடக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு வரலாம். வாசற்படியில் ஊன்றுகோலை முதலில் இறக்கி, பிறகு காலை இறக்கினார். பைக்குள் மிட்டாய் முன்னைவிட லேசாகக் குலுங்கியது, ஒன்று குறைகிறது அல்லவா. அதுவரைக்கும் தாங்காது, நமத்துப்போகும். வாய்தாவுக்கு முந்தின நாள் பாத்திரத்தை விளக்கி, துடைத்து, புதுசாக வாங்கிப் போட வேண்டும்.